கனவில் வார்த்த தாரை

கனவில் யாருக்கோ எதையோ எடுத்துக் கொடுத்துவிட்டுத் திடுக்கிட்டு விழித்தவர் நம் வீடுகளில் முதலில் கேட்பது, இது நல்லதா கெட்டதா என்பதுதான். பதிலும் கைவசம் இருக்கும். வாங்கினால் வரவு, கொடுத்தால் செலவு. செத்துப்போனவர் வந்து ஏதாவது கொடுத்துவிட்டுப் போனால் நல்லது, நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போனால் ஆகாது. பேருந்து நிலையத்துக் கடையில் விற்கும் சொப்பன சாஸ்திரப் புத்தகங்கள் இந்தக் கணக்கைப் பொருள்வாரியாக விரித்து எழுதிவைத்திருக்கின்றன. இது நம் முன்னோர் சொன்னது என்று ஒரு நம்பிக்கை. முன்னோர் சொன்னதில் இது பாதி. அதுவும் சத்துக் குறைந்த பாதி என்பது என் எண்ணம். மறுபாதிக்குக் கனவு என்பது குறியே அல்ல, வழக்கு. கனவில் கொடுத்தது கொடுத்ததாகுமா, ஆகுமென்றால் அதற்கு யார் சாட்சி, விடிந்தபின் பொருள் யாருடையது? நம் பழைய கதைகளும் சடங்குகளும் இந்தக் கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. கனவுக்குப் பொருள் தேடியவர்களைவிடச் சாட்சி தேடியவர்கள்தான் அதை மதித்தவர்கள்.

கொடை என்பது பழைய தமிழ்நாட்டில் மனசு சம்பந்தப்பட்ட காரியம் மட்டுமல்ல, கை சம்பந்தப்பட்ட காரியம். கொடுப்பவர் நீர் வார்க்க வேண்டும், வாங்குபவர் கையேந்த வேண்டும், பக்கத்தில் நாலு பேர் நிற்க வேண்டும். நிலத்தை நீரோடு அட்டிக் கொடுத்ததாகக் கல்வெட்டுகள் சலிக்காமல் சொல்வது இதனால்தான். ‘தாரை வார்த்தல்’ என்ற சொல்லைச் சொத்தை இழப்பதற்கு இன்று கேலியாகப் பயன்படுத்துகிறோமே, அது ஒரு காலத்தில் பத்திரப் பதிவு. அப்படி நடந்த கொடையும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. வேள்விக்குடிச் செப்பேடு இதை ஒரு நாடகக் காட்சிபோலவே வைத்திருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியன் நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், கூடல் நகரில் ஒருவர் முறையிடுகிறார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி எங்கள் முன்னோருக்குக் கொடுத்த ஊர் இது, களப்பிரர் பறித்துக்கொண்டார்கள் என்கிறார். அரசன் உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. நாட்டாரை வைத்து உன் பழமையைக் காட்டிவிட்டுப் பெற்றுக்கொள் என்கிறான். காமக்காணி நற்சிங்கன் என்ற அந்த முறையீட்டாளர் அங்கேயே காட்டிய பிறகுதான் ஊர் மீண்டும் கொடுக்கப்படுகிறது. சங்க காலத்துக் கொடையே ஆனாலும் சாட்சி இல்லாமல் செல்லாது என்பது அரசவை நடைமுறை. இந்த நடைமுறையில் வாழ்ந்த மக்கள், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கண்டதை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றிருப்பார்கள் என்று நினைக்க முடியுமா?

வடமொழிச் சட்ட நூல்களும் கறாரானவைதான். கொடுத்ததைத் திரும்பப் பெறுவது குறித்த வழக்கு, தருமநூல்கள் வகுக்கும் பதினெட்டு வழக்குத் தலைப்புகளில் ஒன்று. செல்லாத கொடைகள் 16 வகை என்று நாரத ஸ்மிருதி எண்ணிச் சொல்கிறது. பயத்தில் கொடுத்தது, கோபத்தில் கொடுத்தது, துக்கத்தில் கொடுத்தது, விளையாட்டுக்குக் கொடுத்தது, குடிபோதையில் கொடுத்தது, சித்தம் கலங்கியவர் கொடுத்தது, சிறுவன் கொடுத்தது, தன் வசத்தில் இல்லாதவர் கொடுத்தது என்று பட்டியல் நீள்கிறது. கனவு அதில் தனியாக இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை; போதையில் இருப்பவனுக்கே தன் கை தன்வசம் இல்லை என்றால் தூங்குபவனுக்கு எப்படி இருக்கும்? ஆகவே சட்டத்தின் கண்ணில் கனவுக் கொடை ஒன்றுமில்லாதது. ஆனாலும் கதைகளில், கோயில் மரபுகளில், குடும்ப வழக்கங்களில் அது சட்டத்தைத் தாண்டி உயிரோடு இருந்தது. இந்த இடைவெளியில்தான் நமக்கு வேண்டிய வரலாறு இருக்கிறது.

கனவு நூல்கள் இந்த இடைவெளியைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவற்றுக்குக் கவலை காலமும் நிறமும். முதற்சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், கடைச்சாமத்துக் கனவு பத்தே நாளில் பலிக்கும் என்று கணக்கு வைத்தது பொன்னவன் பெயரில் வழங்கும் கனாநூல். வெள்ளைப் பொருள்கள் நல்லவை, ஆனால் பஞ்சும் சாம்பலும் எலும்பும் நீங்கலாக. கறுப்புப் பொருள்கள் தீயவை, ஆனால் பசுவும் யானையும் குதிரையும் நீங்கலாக என்று வடமொழி நூல்கள் விதியையும் விலக்கையும் அடுக்கும். இவர்களைவிட மருத்துவர்கள் தெளிவாக இருந்தார்கள். சரக சம்ஹிதை கனவை ஏழாகப் பிரிக்கிறது: கண்டது, கேட்டது, அனுபவித்தது, விரும்பியது, கற்பனை செய்தது, வரப்போவதைக் காட்டுவது, உடலின் தோஷத்தால் வருவது. இவற்றில் முதல் ஐந்துக்கும் பலன் இல்லை என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறது. கொடுக்க ஆசைப்பட்டவன் கொடுப்பதாகக் கனவு காண்பான், அதில் சேதி ஒன்றுமில்லை என்று இதற்கு அர்த்தம். ஆசைதான் கனவு என்று வியன்னாவிலிருந்து புத்தகம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் வைத்தியர் இதைச் சொல்லி, சொன்னதற்காகப் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் அடுத்த நோய்க்குப் போய்விட்டார்.

காவியம் கனவைப் பிடித்த விதம் வேறு. சிலப்பதிகாரத்தில் மூன்று பெருங்கனவுகள் இருக்கின்றன: கண்ணகி கண்டது, கோவலன் கண்டது, பாண்டிமாதேவி கண்டது. நடுவில் உள்ள கோவலன் கனவில்தான் ஒரு கொடை நடக்கிறது. அடைக்கலக் காதையில், மதுரைக்கு வெளியே, மாடலன் என்ற மறையவனிடமும் உடன்வந்த துறவி கவுந்தியடிகளிடமும் அவன் அதைச் சொல்கிறான். கீழ்மகன் ஒருவன் தன் உடையைப் பறிப்பதும், தான் எருமைமேல் ஏறிப் போவதும், கண்ணகி துயர்ப்படுவதும் எந்தக் கனவு நூலிலும் இடம்பெறத்தக்க அபசகுனங்கள். கடைசிக் காட்சிதான் பட்டியலுக்குள் அடங்காதது. மன்மதன் தன் மலரம்புகளைத் தரையில் எறிந்துவிட்டுச் செயலற்று நிற்க, மாதவி மணிமேகலையைப் போதி மரத்தடியில் இருக்கும் அறவோன் முன்னால் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கனவு காண்பவன் தந்தை. கொடுப்பவள் தாய். கொடுக்கப்படுபவள் மகள். தந்தை அங்கே ஓரமாய் நிற்கும் பார்வையாளன் மட்டும். இது வரவா, செலவா? சொப்பனப் புத்தகம் இந்த இடத்தில் வாயடைத்துப் போகும். கேட்ட இருவரும் பலன் எதுவும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தப் புறஞ்சேரி துறவிகளுக்கு உரிய இடம், பொழுது போவதற்குள் ஊருக்குள் போய்விடு என்கிறார்கள், அவ்வளவுதான். கோவலன் கொலையுண்ட பிறகு, நீர்ப்படைக் காதையில், கங்கைக் கரையில் செங்குட்டுவனிடம் பேசும்போது அதே மாடலன்தான் மாதவியின் துறவையும், மகளைக் கணிகை வாழ்விலிருந்து அவள் விலக்கியதையும் சொல்கிறான். கனவைக் காதால் கேட்டவன் வாயாலேயே கொடை நடந்த செய்தி வருகிறது. இளங்கோ இதைத் தற்செயலாக வைத்திருக்க மாட்டார். மாடலன் அந்தக் கனவுக்குச் சாட்சி.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது வெஸ்ஸந்தர ஜாதகம். கேட்டதையெல்லாம் கொடுக்கும் இளவரசன் காட்டில் இருக்கிறான். ஜூஜகன் என்ற கிழப் பார்ப்பனன் அவன் பிள்ளைகள் இருவரையும் அடிமையாகக் கேட்க வருவதற்கு முந்திய இரவு, மனைவி மத்தி கனவு காண்கிறாள். செம்பூச் சூடிய கரிய மனிதன் ஒருவன் அவள் கூந்தலைப் பற்றி இழுத்து வெளியே தள்ளி, கண்களைப் பிடுங்கி, கைகளை வெட்டி, நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்துப்போகிறான். அவள் ஓடிவந்து சொன்னதும் கணவனுக்குப் புரிந்துவிடுகிறது, நாளைக்குப் பிள்ளைகளைக் கேட்டு ஆள் வரும் என்று. அவளிடம் சொல்லவில்லை, ஏதோ உடல் அசதியால் வந்த கனவு என்று சமாதானம் சொல்லி, மறுநாள் அவள் கிழங்கு தேடிப் போயிருக்கும்போது பிள்ளைகளைக் கொடுத்துவிடுகிறான். விழித்திருப்பவன் பார்வையில் அது தானத்தின் உச்சம். கனவு கண்டவள் பார்வையில் அது கொள்ளை. ஒரே கொடைக்கு இரண்டு கணக்கு இருப்பதை இவ்வளவு நேராகச் சொன்ன பழங்கதை வேறு எனக்குத் தெரிந்து இல்லை. சம்மதம் கேட்கப்படாத தாய், சாட்சியாகக்கூட அழைக்கப்படாதவள், கனவில் மட்டும் தன் வாக்குமூலத்தைக் கொடுக்கிறாள். கனவைப் புரிந்துகொண்டவன் அதை மறைத்தான் என்பதே அந்தக் கனவுக்குச் சட்ட பலம் இருந்தது என்பதற்கு ஆதாரம். வெறும் குறியாக இருந்தால் எதற்கு மறைக்க வேண்டும்?

இனி வழக்கு என்று நான் சொல்வதற்குத் தக்க சான்று, பெரியபுராணத்தின் பூசலார் கதை. திருநின்றவூரில் ஓர் ஏழை அந்தணர். சிவனுக்குக் கோயில் கட்டிக் கொடுக்க ஆசை, கையில் காசில்லை. பணம் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் மனத்திலேயே கட்டத் தொடங்குகிறார். அவசரமாக ஒரு நாளில் கட்டிவிடவில்லை. நல்ல நாள் பார்த்து, சாத்திர முறைப்படி அடிப்படை போட்டு, விமானம் எழுப்பி, கிணறும் குளமும் தோண்டி, மதில் எடுத்து, கடைசியில் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். அதே நாளில்தான் காடவர் கோன் காஞ்சியில் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய கற்றளிக்கும் நாள் குறித்திருந்தான். முந்திய இரவு இறைவன் அரசன் கனவில் வந்து, நின்றவூரில் பூசல் என்பவன் நெடுநாள் எண்ணிக் கட்டிய ஆலயத்தில் நாளை நாம் புகுவோம், நீ உன் நாளைத் தள்ளி வைத்துக்கொள் என்கிறார். அடுத்து அரசன் செய்வதுதான் நமக்கு முக்கியம். விழித்தவுடன் நம்பி, இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு அமரவில்லை. திருநின்றவூருக்கே போகிறான். பூசல் கட்டிய கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்கிறான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்கிறார்கள். ஊர் அந்தணர்களை விசாரிக்கிறான். பூசல் என்று ஒருவர் உண்டு, குற்றமற்றவர் என்கிறார்கள். கடைசியில் அவரிடமே போய்க் கேட்கிறான். திகைத்துப்போன பூசலார், பொருள் இல்லாததால் நெஞ்சில் கட்டினேன் என்று சொல்கிறார். நாள் பொருந்துகிறது, பெயர் பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது. கனவு நிரூபணமாகிவிட்டது. வேள்விக்குடி வழக்கில் நற்சிங்கனை நாட்டாரை வைத்துக் காட்டச் சொன்ன அதே விசாரணை முறையைத்தான் சேக்கிழாரும் இங்கே பின்பற்றுகிறார். ஒரு வித்தியாசம், இங்கே ஊரார் சாட்சி எதிராக வந்துவிட்டது. இல்லாத கோயிலுக்கு ஊரார் எப்படிச் சாட்சி சொல்வார்கள்? ஒருவர் மனமும் இன்னொருவர் கனவும் ஒரே தேதியில் கையெழுத்திட்டிருப்பதுதான் சாட்சி. காஞ்சிக் கயிலாசநாதர் கோயில் கல்வெட்டு, பழைய யுகங்களின் அரசர்களைப் போல அதைக் கட்டிய பல்லவன் இராசசிம்மனும் இந்தக் கலியுகத்தில் அசரீரிக் குரல் கேட்டான் என்று வியந்து சொல்கிறது. அதைப் பூசலார் கதையோடு சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு. கல்வெட்டில் பூசலார் பெயர் இல்லை என்பதால் அந்த இணைப்பை நான் வற்புறுத்தவில்லை. அரசன் ஒருவன் தான் கேட்ட குரலைக் கல்லில் வெட்டிவைக்கும் அளவுக்கு அது பொதுச் செய்தியாக இருந்தது என்பது போதும்.

வைணவ மரபில் இதே இலக்கணம் இன்னும் நுட்பமாக இருக்கிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை இறைவனுக்குச் சாத்தலாகாது என்று பெரியாழ்வார் வேறு மாலை கட்டுகிறார். அவர் பக்கம் ஆசாரம் இருக்கிறது. ஒருவர் அணிந்த பூ நிர்மாலியம். அன்றிரவு பெருமாள் கனவில் வந்து அவள் சூடிய மாலைதான் எனக்கு வேண்டும் என்கிறார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. சட்டத்தைக் கனவு வென்ற இடம் இது. பின்னால், அரங்கன் மகளையே கேட்கும்போது, தந்தையின் கனவு ஒன்றோடு மரபு நிறுத்தவில்லை. திருவரங்கத்துக் கோயிலாரும் கனவு கண்டு குடையும் பல்லக்குமாக வந்தார்கள் என்று சேர்க்கிறது. மாலைக்கு ஒரு கனவு போதும், மகளைக் கொடுப்பதற்கு எதிர்த் தரப்பிலும் ஒரு கனவு வேண்டும்! ஆண்டாளே பாடிய கனவு நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழியில் இருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் இந்திரன் முதலான தேவர்கள் வந்து பெண் பேசுகிறார்கள், துர்க்கை கூறைப்புடவை உடுத்திவிடுகிறாள், தமையன்மார் வந்து அவள் கையை அச்சுதன் கைமேல் எடுத்து வைக்கிறார்கள். துளசிச் செடியடியில் கண்டெடுத்த குழந்தை என்று மரபு சொல்லும் பெண்ணுக்குக் கனவில் தமையன்மார் வந்தது எப்படி? கன்னிகாதானம் செய்ய வேண்டிய தந்தை கனவுக்குள் எங்கே போனார்? அவர் பெயர் பயன் சொல்லும் கடைசிப் பாட்டில்தான் வருகிறது. நான் படிக்கும் விதத்தில், கொடை முழுமையாவதற்கு வேண்டிய உறவுகளையும் சாட்சிகளையும் அந்தக் கனவு தானே வரவழைத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் தோழிக்குச் சொல்வதாகப் பாடியிருப்பதால் கேட்பதற்கும் ஓர் ஆள் ஆகிறது. இன்றும் வைணவக் கல்யாணங்களில் வாரணமாயிரம் பாடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் மதுரைக்குக் கள்ளழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக் கருடசேவைக்கும் போகிறது. ஒருவர் கனவில் நடந்ததாகச் சொல்லப்படும் கோரிக்கை, ஆண்டுதோறும் கூடையில் ஏறிப் பயணம் போகும் வழக்கமாகிவிட்டது.

பாணபத்திரர் கதையில் நடைமுறை இன்னும் வெளிப்படை. ஆலவாய் இறைவன் பாணர் கனவில் தோன்றி, சேரமானிடம் போ, பொன் கொடுப்பான் என்று சொன்னதோடு விடாமல் கையில் ஓர் ஓலையும் கொடுத்தனுப்புகிறார். பதினோராம் திருமுறையின் முதற்பாடலாக இருப்பது அந்த ஓலைதான். கனவு கண்டேன் என்று வெறுங்கையோடு போய் நின்றால் வாயிற்காவலனே விட்டிருக்க மாட்டான் என்பது கதை கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சேரமான் நாட்டையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். பாணர் தமக்கு வேண்டியதை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்புகிறார்.

இங்கே ஒரு தடை எழும். இவையெல்லாம் பக்திக் கதைகள், நடந்தவை என்று எப்படிச் சொல்வது? நடந்தவை என்று நான் சொல்லவில்லை. ஒரு சமூகம் எதை நம்பத்தகுந்த ஆதாரமாகக் கருதியது என்பதை அறியக் கதை நடந்திருக்க வேண்டியதில்லை. கோயில் இல்லை என்று ஊரார் சொல்லும் காட்சியைச் சேக்கிழார் விட்டிருந்தால் பூசலாரின் பக்தி ஒரு துளியும் குறையாது. அதை வைத்ததற்குக் காரணம், கேட்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்பதே. இன்னொரு தடை இதைவிடக் கனமானது: கோயிலாரும் புரோகிதரும் பணம் பறிக்கக் கட்டிய ஏற்பாடுதானே கனவு? சில இடங்களில் அப்படித்தான் நடந்திருக்கும். கஜானா வற்றினால் இரவோடு இரவாகத் தெய்வம் தோன்றியதாகக் காட்டித் திருவிழா நடத்திக் காசு சேர்க்கலாம் என்று அர்த்தசாஸ்திரமே அரசனுக்கு வழி சொல்கிறது. மகாசுபின ஜாதகத்தில் கோசல மன்னன் பதினாறு கெட்ட கனவுகள் காண்கிறான். புரோகிதர்கள் பெரிய வேள்விக்கு ஏற்பாடு செய்கிறார்கள், பலிக்கு விலங்குகளைக் கட்டுகிறார்கள். மல்லிகாதேவி சொல்லிப் புத்தரிடம் போனதும், இவை உனக்கு ஆனவை அல்ல என்று கேட்டு வேள்வி நிற்கிறது. ஏமாற்று இருந்தது என்பதற்கு இவை சான்று. ஏமாற்றை எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்பதற்கும் இவையே சான்று. கள்ள நாணயம் புழங்கிய ஊரில்தான் உரைகல் இருக்கும். அரசன் திருநின்றவூருக்குப் போனதும், கோயிலார் தனியே கனவு கண்டதும், பாணர் கையில் ஓலை இருந்ததும் அந்த உரைகற்கள்.

ஆனால் அரிச்சந்திரன்? இந்த வாதத்துக்கு உண்மையான இடைஞ்சல் அவன்தான். மார்க்கண்டேய புராணத்தில் அவன் நாட்டை விசுவாமித்திரருக்கு விழித்திருந்தே கொடுக்கிறான். கனவில் கொடுத்ததாக வரும் வடிவம் பின்னால் வளர்ந்து பரவியது. காசியில் 1870களில் பாரதேந்து அரிச்சந்திரர் எழுதிய இந்தி நாடகத்தில் அது முழு உருவில் இருக்கிறது. கோபக்காரப் பிராமணர் ஒருவருக்கு உலகத்தைக் கொடுத்ததாகக் கனவு கண்ட அரசன், விழித்ததும் சாட்சி தேடவில்லை. பெயரும் கோத்திரமும் தெரியாத அந்தப் பிராமணருக்கே இனி நாடு சொந்தம், அவர் வரும்வரை அவர் வேலையாளாக நான் ஆள்வேன் என்று அறிவிக்கச் சொல்கிறான். நாரதர் வகுத்த சட்டத்துக்கு இதைவிட நேரெதிராக ஒருவன் நடக்க முடியாது. என் பதில் இரண்டு. ஒன்று, அவன் அளவுகோல் அல்ல, அளவு மீறியவன். எல்லோரும் செய்வதை அவனும் செய்தால் கதைக்கு அவன் தேவையில்லை. மற்றது, அங்கேயும் காரியம் கனவோடு முடிவதில்லை. விசுவாமித்திரர் நேரில் வந்து கேட்கிறார். வாங்கியவர் கேட்பதும் கொடுத்தவர் கண்டதும் பொருந்தும் கணத்தில்தான் அரசன் தெருவுக்கு வருகிறான். அதுவரை அரண்மனையில் பெயர் தெரியாதவரின் காரியஸ்தனாகத்தான் இருக்கிறான். விழித்தெழுந்தவனின் கூச்சத்தை, பொருள் கையில் இருந்தும் தன்னுடையதாக இல்லாத நிலையை, அந்த நாடகக் காட்சி பிடித்ததுபோல் வேறெதுவும் பிடிக்கவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல என்பதற்கு, நம்மோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இடத்தைச் சொல்லலாம். வட அமெரிக்காவின் ஹ்யூரான் ஏரிக்கரையில் வாழ்ந்த வெண்டாட் மக்களிடையே தங்கிய பிரெஞ்சு ஏசுசபைக் குருமார்கள் 1630களிலும் 1640களிலும் ஊருக்கு அனுப்பிய அறிக்கைகளில், இந்த மக்களுக்குக் கனவே கடவுள் என்று எரிச்சலோடு எழுதினார்கள். ஆன்மாவுக்கு மறைந்த ஆசைகள் உண்டு, அவை கனவில் வெளிப்படும், நிறைவேறாவிட்டால் உடம்பு நோயுறும் என்று அம்மக்கள் நம்பியதாக ரகுனோ பாதிரியார் 1648ஆம் ஆண்டு நிகழ்வுகளை எழுதும்போது விளக்குகிறார். பனிக்காலத்தில் பெரும் சடங்கு ஒன்று நடக்கும். கனவு கண்டவர்கள் வீடு வீடாகப் போய், கண்டது என்ன என்பதைச் சொல்லாமல் விடுகதையாகப் போடுவார்கள். வீட்டார் ஊகித்து ஊகித்துக் கெண்டி, தோல், மணிச்சரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொடுப்பார்கள். சரியான பொருள் கிடைத்ததும் கனவு கண்டவர் கூவி ஆர்ப்பரிப்பார். சடங்கு முடிந்ததும் கனவோடு பொருந்தாதவை உரியவர்களிடம் திரும்பிப் போகும். கனவு கண்டவர் வாயைத் திறந்து கேட்டுவிட முடியாது என்ற அந்த விதியைப் பாருங்கள். பேராசைக்காரனை அது தடுத்துவிடுகிறது, ஊகித்தவரே சாட்சியாகிவிடுகிறார். இந்த விதி புரியாத குடியேறிகள் பின்னால் ஒரு வேடிக்கைக் கதை கட்டினார்கள். பழங்குடித் தலைவர் ஒருவர், நீ உன் சிவப்புக் கோட்டை எனக்குக் கொடுத்ததாகக் கனவு கண்டேன் என்கிறார். வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டு, நீ உன் நிலத்தை எனக்குக் கொடுத்ததாக நான் கனவு கண்டேன் என்கிறார். பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஜான்சன் பெயரிலும் இந்தக் கதை உண்டு. கோட்டுக்குப் பதில் துப்பாக்கி, நிலத்துக்குப் பதில் தீவு என்று மாற்றி மொழிபெயர்ப்பாளர் கான்ராட் வைசர் பெயரிலும் உண்டு. ஒரே கதை இரண்டு பேர் தலையில் ஏறியிருப்பதே அது கட்டுக்கதை என்று காட்டிக்கொடுக்கிறது. சாட்சியை எடுத்துவிட்டால் கனவுக் கொடை பேரமாகச் சுருங்கிவிடும் என்பதையும் அது தன்னை அறியாமல் காட்டுகிறது.

நம் குடும்பங்களில் இந்த விசாரணை சத்தமில்லாமல் நடந்துவந்தது. செத்துப்போன அம்மா கனவில் வந்து பசிக்கிறது என்று கையேந்தினாள் என்றால், மூத்தவர்கள் முதலில் கேட்பது திதி விட்டுப்போயிற்றா என்பதைத்தான். பஞ்சாங்கத்தை எடுத்து விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார்கள். விட்டுப்போயிருந்தால் கனவு மெய், அமாவாசைக்குப் படைத்து நாலு பேருக்குச் சோறு போடுவார்கள். விடாமல் செய்திருந்தால், மனசில் நினைத்துக்கொண்டு படுத்திருப்பாய், போய்க் குளி என்று முடிந்துவிடும். சரகர் சொன்ன ஏழில் எது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை அவர்கள் சரகரைப் படிக்காமலே செய்தார்கள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில் இந்தப் பழைய நடைமுறையும் புதிய ஆசையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம். மண்டபத் தூண் ஒன்றில் கண்ணாடிப் பெட்டி. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று பெயர். பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்லி, அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வை என்று சொன்னதாக அவர் கோயிலில் வந்து தெரிவிக்க வேண்டும். சொன்னதும் வைத்துவிட மாட்டார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் வைத்துச் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் பொருள் பெட்டிக்குள் போகும். இன்னொருவருக்கு இன்னொரு கனவு வந்து, அதற்கும் பூ இசையும்வரை அது அங்கேயே இருக்கும். எத்தனை நாள் என்று கணக்கில்லை. மண், தண்ணீர், அரிசி, மஞ்சள், தங்கம் என்று எத்தனையோ இருந்திருக்கின்றன. ஆனால் பெட்டி இன்று பேர் பெற்றிருப்பது கொடைக்காக அல்ல. உள்ளே இருக்கும் பொருளுக்கு விலை ஏறுமா இறங்குமா, நாட்டில் அதனால் நன்மையா கேடா என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. தண்ணீர் வைத்த பிறகுதான் 2004இல் சுனாமி வந்தது என்று பக்தர்கள் சொல்வார்கள். அரிசி வியாபாரியும் மஞ்சள் வியாபாரியும் கண்ணாடியில் மூக்கு இடிக்க எட்டிப் பார்க்கிறார்கள். கனவு கண்டு கொண்டுவந்து கொடுத்தவர் யார், எந்த ஊர் என்று அவர்கள் விசாரிப்பதில்லை. பூசாரி மட்டும் அடுத்த கனவோடு வருபவரை உட்காரவைத்து, என்ன கண்டாய் என்று கேட்டுவிட்டு, இரண்டு பூவை எடுக்கிறார்.